அந்தப் பழைய மோட்டாரில் கை வைக்காதே

ஐயா,

வெள்ளிக்கிழமை நீ வாட்ஸப்பில் அனுப்பிய போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் சேகர் சித்தப்பாவின் டுரியான் டுசுனில், அந்தப் பழத்தோட்டத்து ஸ்டோர் மூலையில், தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிற மோட்டார். பக்கத்தில் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி. கீழே நீ எழுதியிருந்தாய்: "அப்பா, மோட்டார் இன்னும் நல்லாத்தான் சுத்துது. கப்பாசிட்டர் பெட்டியும் இருக்கு. ஆத்துல டர்பைன் வைக்கிறப்ப புதுசா ஜெனரேட்டர் வாங்கணுமா, இல்ல இதையே போட்டுறலாமா?" நான் "தொடாதே, எழுதுகிறேன்" என்று மட்டும் பதில் போட்டேன். நீ சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பினாய். அப்பாவுக்கு வயசாகிவிட்டது, எதற்கெடுத்தாலும் பயம் என்று மருமகளிடம் சொல்லியிருப்பாய். சிரித்துக்கொள், பரவாயில்லை. ஆனால் இந்தக் கடிதத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்காதே. அதில் இப்போது ஒன்றும் இருக்காது, எனக்கும் தெரியும். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இருந்தாலும் திறக்காதே.

நீ சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்க் குடியிருக்கப் போகிறேன் என்று சொன்னபோது, மற்றவர்கள் எல்லாரும் உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்கள். நான் கேட்கவில்லை. விடியும் முன்னே எழுந்து, மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர்ப் பாலம் கடந்து, இருட்டிய பிறகு திரும்பி வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெண்டாட்டி முகத்தைப் பார்க்கிற பிழைப்பு எத்தனை நாளைக்கு? பிள்ளை இல்லாத விஜயா சித்தி அந்த நிலத்தை உன்னிடம் ஒப்படைத்ததும் எனக்குச் சந்தோஷம்தான். கோத்தா திங்கியிலிருந்து உள்ளே போகிற செம்மண் பாதை முடிகிற இடம், அதற்கு மேல் கரண்டுக் கம்பி இன்னும் ஏறவில்லை, அதனால் ஆற்றுத் தண்ணீரில் நீயே கரண்டு எடுக்கப் பார்க்கிறாய். நல்ல காரியம். எந்த ஜெனரேட்டர் வைப்பது என்று என்னைக் கேட்டாய். முப்பத்தோரு வருடம் பாமாயில் மில்லில் சார்ஜ்மேன், அதாவது மொத்த மில்லின் கரண்டுக்கும் பொறுப்பான ஆள், நான். என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பாய்? அதனால்தான் எழுத உட்காருவதற்கு நாலு நாள் ஆனது.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் மோட்டாரைப் பார்த்து ஆசைப்படாதே. முதலில் தண்ணீரைப் பார். டிசம்பர் மழையில் போய் அளந்தால் அந்த ஆறு ஒரு ஊருக்கே விளக்குப் போடும் போலத் தெரியும். மார்ச் மாத வெயிலில் போய் ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அள. அப்போது குழாயில் எவ்வளவு வருகிறதோ அதுதான் உன் கரண்டு. நானும் சித்தப்பாவும் இதைச் செய்யவில்லை. மழைக்காலத்தில் அளந்தோம், வெயில் காலத்தில் வாயைப் பிளந்தோம். அந்த மேட்டிலிருந்து இறங்குகிற ஆறு அங்குலக் குழாயில், வெயில் நாளில், ஒரு கிலோவாட் கிடைத்தால் அதிகம். நாலு விளக்கு, சின்ன பிரிட்ஜ், ஒரு பம்ப், உன் இன்டர்நெட் பெட்டி. ரைஸ் குக்கரையும் அயன் பெட்டியையும் மறந்துவிடச் சொல் மருமகளிடம்.

பிறகு வேகம். வீட்டில் வெட்டி ஒட்டிய டர்பைன் நிமிஷத்துக்கு நானூறு ஐந்நூறு சுற்றுத்தான் சுற்றும். நாங்கள் முதலில் சித்தப்பாவின் பழைய லோரியிலிருந்து ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாட்டினோம். லோரி சாமான் ஆயிரத்துக்கு மேல் சுற்றினால்தான் கண்ணையே திறக்கும். பெரிய புல்லி போட்டு, பெல்ட் போட்டு, பாதி சக்தியைப் பெல்ட்டே தின்றது. மஞ்சளாக ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. சித்தப்பா பல்பைப் பார்த்துவிட்டு, "அலமாக், என்னண்ணே இது, வெளக்கா மின்மினிப் பூச்சியா? இதுக்கு நான் தீப்பெட்டியே வெச்சுக்கிறேன் லா" என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிரிப்பு. எனக்குக் கோபம். மில்லில் ஒருத்தன் என்னைக் கிண்டல் பண்ண மாட்டான், இவன் பண்ணுகிறான் என்று கோபம். அன்றே முடிவு பண்ணினேன், இவன் வாயை மூடுகிற மாதிரி ஒன்று செய்து காட்டுகிறேன் என்று.

பெட்ரோல் ஜெனரேட்டரிலிருந்து கழற்றிய சீனாக்காரன் சாமானும் விற்கிறார்கள், நீயும் வீடியோவில் பார்த்திருப்பாய். அதை வாங்காதே. பெட்ரோல் இன்ஜினுக்கு வேகத்தைப் பிடித்து நிறுத்துகிற கவர்னர் உண்டு, ஆற்றுக்குக் கிடையாது. மருமகள் பம்பை நிறுத்திய அந்த நொடியில் சுமை போய்விடும், டர்பைன் கயிறறுந்த மாடு மாதிரி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். அந்த வேகத்துக்கு அதைச் செய்யவில்லை. உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் பிய்த்துக்கொண்டு வரும். இதெல்லாம் தெரிந்துதான், எல்லாம் தெரிந்தவன் என்கிற திமிரில்தான், நான் மில் ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த அந்த மூன்று குதிரைச் சக்தி மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்தேன். சாதாரண பம்ப் மோட்டார். அதைப் பின்னாலிருந்து சுற்றிவிட்டு, சரியான அளவுக்குக் கப்பாசிட்டர் மாட்டினால் அதுவே கரண்டு கொடுக்கும். பிரஷ் இல்லை, தேய்மானம் இல்லை, இரண்டு மடங்கு வேகத்தில் ஓடினாலும் சிதறாது. இன்றைக்கும் சொல்கிறேன், அது நல்ல சாமான். குற்றம் மோட்டாரில் கிடையாது.

அது ஓடிய முதல் நாள் சித்தப்பா என்னைக் கட்டிப் பிடித்துத் தூக்கிவிட்டான். விஜயா சித்தி வீட்டு வாசலில் டியூப் லைட்டைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் தலைக்கனத்தோடு விளக்கினேன்: "இதுல ஒரு விசேஷம் இருக்கு சேகரு. ரெண்டு வயரும் முட்டிக்கிச்சுன்னு வையி, கரண்டு தானா செத்துரும். இது கடிக்காத சாமான்." வயரும் வயரும் முட்டினால் சாகும், அது நிஜம். மனுஷன் கை பட்டால் சாகாது. அதைச் சொன்னேனா? சொல்லவில்லை. என் தம்பிக்கு ஆறாவதோடு படிப்பு நின்றுவிட்டது, நான் சொன்னதை அப்படியே சாமி வாக்காக எடுத்துக்கொள்வான். கடிக்காத சாமான் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டு பெருமையாக நின்றேன்.

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். கப்பாசிட்டர் என்றால் கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற சாமான். மெஷின் நின்ற பிறகும் உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்கும், பார்த்தால் தெரியாது. அதனால் அந்தப் பெட்டியில் இருந்த மூன்று கப்பாசிட்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், நிறுத்திய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கரண்டை இறக்கிவிட. முதல் வாரத்திலேயே அதில் ஒன்று கருகிவிட்டது. மற்ற இரண்டும் கருகினால் பெட்டியே நாறும் என்று கட்டரை எடுத்து மூன்றையும் நானே வெட்டிப் போட்டேன். அடுத்த வாரம் புதிசு கொண்டுவந்து மாட்டுகிறேன் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். "மாட்டாட்டி என்னாண்ணே? ஓடத்தானே செய்யுது" என்றான். ஓடத்தான் செய்தது. ஒன்றரை வருடம் ஓடியது. அடுத்த வாரம் வரவே இல்லை. அதற்கு மேலே, சட்டென்று கரண்டை நிறுத்த வசதியாக இருக்கட்டும் என்று மோட்டாருக்கும் கப்பாசிட்டருக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் வைத்தேன். அந்தச் சுவிட்சைத் தட்டினால் கரண்டு நின்றுவிடும், அப்புறம் வால்வை மூடினால் டர்பைன் நின்றுவிடும். சுத்தமான வேலை. ஆனால் சுவிட்சைத் தட்டிய நொடியில் கப்பாசிட்டரில் இருந்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

ஆயுத பூஜைக்கு மில்லில் என்ன நடக்கும் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். மொத்த மெஷினையும் நிறுத்தி, கழுவி, பாய்லருக்கு மாலை போட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என் பங்கு கரண்டு பேனல்கள். ஒவ்வொரு கதவையும் திறந்து, உள்ளே துடைத்து, பொட்டு வைப்பேன். சேகர் ஒரு வருடம் வந்து பார்த்திருக்கிறான். அவன் பார்த்தது என்ன தெரியுமா? அண்ணன் மெயின் சுவிட்சை நிறுத்துகிறார், கதவைத் திறக்கிறார், டீ குடிக்கப் போகிறார், திரும்பி வந்து ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைக்கிறார். அந்த டீ எதற்கு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கப்பாசிட்டர் இறங்கட்டும் என்று காத்திருக்கிற நேரம் அது. டீயைக் குடித்து முடித்து, மீட்டர் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் கை உள்ளே போகும். சொல்லிக் கொடுத்தால் என் கெத்து குறைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. அவன் என் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். என் டீயைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த வருட ஆயுத பூஜை அன்று நீ ஸ்கூடாயில் ஹாஸ்டலில் இருந்தாய். சித்தி பெர்மாஸ் ஜெயாவில் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள். நான் மில் பூஜையை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்கு டுசுனுக்கு வருகிறேன், டர்பைனுக்கும் பொட்டு வைத்து ஆற்றோரம் முனியாண்டிக்கும் படைத்துவிடலாம் என்று பேச்சு. பத்து மணிக்குப் போன் வந்தது. மில்லில் மேளம், ஐயர் மந்திரம், மேனேஜர் பக்கத்தில் நிற்கிறார். சேகர் சொன்னான்: "அண்ணே, மெஷின ஆஃப் பண்ணிட்டேன். மில்லுல நீங்க செய்யிற மாதிரி பொட்டிய தொறந்து உள்ள தொடச்சு பொட்டு வெச்சிரவா?" நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, "வெய்யி வெய்யி, நின்ன மெஷினு என்னடா செய்யும்?" என்றேன். "சரிண்ணே, சீக்கிரம் வாங்க, சாமி கும்புடலாம்" என்றான். நான் போனைப் பையில் போட்டுக்கொண்டு மேனேஜருக்குச் சுண்டல் தட்டை நீட்டினேன்.

நான் போனபோது தண்ணீர் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. பெட்டி திறந்து கிடந்தது. கழற்றி வைத்த மூடியில் அழகாக மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். முதல் கப்பாசிட்டரில் சந்தனம் பாதி இழுத்தபடி நின்றிருந்தது. அவன் பின்பக்கமாக விழுந்து, தண்ணீர் வெளியேறுகிற சிமெண்டு வாய்க்காலின் விளிம்பில் தலை அடிபட்டு, கண் திறந்தபடி கிடந்தான். வெறுங்கால். கையில் ஈரத் துணி. வலது கை விரல் நுனியில் வெள்ளையாக இரண்டு புள்ளி. முனியாண்டிக்கு வாங்கிய பிராந்தி பாட்டில் அவனோடு சேர்ந்து விழுந்து உடைந்து, சட்டையெல்லாம் நனைந்திருந்தது. நான் நெஞ்சில் காது வைத்தேன், மூக்கில் கை வைத்தேன், நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். சேகரு சேகரு என்று கத்தினேன். அவன் எப்போதோ போய்விட்டான் ஐயா, உடம்பு ஆற ஆரம்பித்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததை இதுவரை ஒரு மனுஷனிடமும் சொன்னதில்லை. ஸ்குரூ டிரைவரை எடுத்து, அவன் கை படாத அடுத்த கப்பாசிட்டரின் இரண்டு முனையையும் சேர்த்தேன். பட்டென்று வெடித்தது, நீலமாக. அப்போதும் உள்ளே இருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. பிறகு சந்தனத்தைத் துடைத்தேன். மூடியை வைத்து நாலு ஸ்குரூவையும் ஒவ்வொன்றாக முறுக்கினேன். என் தம்பி பக்கத்தில் கிடக்கிறான், நான் ஸ்குரூ முறுக்குகிறேன். நாலாவது ஸ்குரூ முடிந்த பிறகுதான் போனை எடுத்தேன். லைசென்ஸ் போய்விடும், வேலை போய்விடும், நீ படித்துக்கொண்டிருக்கிறாய் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் அப்புறம் கோத்த சாக்கு. அந்த நேரத்தில் இருந்தது வெறும் பயம், அவ்வளவுதான்.

அவன் குடித்துவிட்டு விழுந்தான் என்று நான் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வேலையே இல்லாமல் போனது. முதலில் ஓடி வந்த பக்கத்து டுசுன்காரர் சட்டை வாசத்தை மோந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். போலீஸ்காரர் "மினும் கா?" என்று கேட்டார், குடித்திருந்தானா என்று. "தா தாவு, துவான்" என்றேன். தெரியாது என்று சொன்ன அந்த இரண்டு வார்த்தையில் என் தம்பி குடிகாரனாகிவிட்டான். முன்னே அவன் குடித்தவன்தான், ஊருக்கே தெரியும். ஆனால் சாவதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்து அடியோடு விட்டிருந்தான். சத்தியத்தை மீறினான், செத்தான் என்று எல்லாருக்கும் கதை வசதியாக முடிந்துவிட்டது. தலையில் பட்ட அடிதான் காரணம் என்று ஆஸ்பத்திரியிலும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சாவு வீட்டில் உன் அம்மாவே சொன்னாள், "குடிதான் கொழுந்தன கொண்டு போயிருச்சு" என்று. நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் அம்மா கடைசி வரைக்கும் அதை நம்பியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உனக்கும் ஒன்று செய்திருக்கிறேன். ஸ்கூடாயில் கடைசி வருடம் படிக்கும்போது, சிநேகிதன் பிறந்தநாளுக்குப் போய்விட்டு பீர் வாசத்தோடு வந்தாய். வாசலிலேயே உன்னைக் கன்னத்தில் அறைந்தேன். "ஒஞ் சித்தப்பன் மாதிரி ஆத்தோரம் விழுந்து சாவணுமாடா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ அன்றிலிருந்து தொட்டதில்லை. ஊரார் எல்லாம் நான் பிள்ளை வளர்த்த அழகைச் சொல்கிறார்கள். நான் கொன்ற ஒருத்தனைக் காட்டி உன்னை மிரட்டி வளர்த்திருக்கிறேன். அந்த அறைக்கு இப்போது மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப் போகிறது? இருந்தாலும் கேட்கிறேன்.

சரி, ஜெனரேட்டர். நீ கடையில் காந்தம் வைத்த சாமானை வாங்கு. மெதுவாகச் சுற்றினாலும் கரண்டு தரும், பெல்ட் வேண்டாம், டர்பைன் தண்டிலேயே நேராக மாட்டலாம். நாற்பத்தெட்டு வோல்ட் பார்த்து வாங்கு. அதைப் பேட்டரியில் ஏற்றி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக வீட்டுக்கு எடு. ஆற்றோரத்தில் ஈரமும் வெறுங்காலுமாக நிற்கிற இடத்தில் சின்ன வோல்ட்தான் இருக்கவேண்டும், பெரிய வோல்ட் வீட்டுக்குள்ளே, காய்ந்த சுவரில், மூடிய பெட்டியில். ஒன்று மட்டும் ஞாபகம் வை. காந்தம் வைத்த சாமானுக்கு ஆஃப் என்று ஒன்று கிடையாது. சுற்றுகிற வரைக்கும் கரண்டு இருக்கும், சுமை போய்விட்டால் வேகம் கூடி வோல்டும் இரண்டு மடங்காக ஏறும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மிச்சக் கரண்டு தானாகப் போய் எரிவதற்கு ஒரு ஹீட்டர் கட்டாயம் வை, தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடு, குளிக்கச் சுடுதண்ணீர் ஆயிற்று. வேலை செய்யும்போது வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவி உன் பையில் இருக்கட்டும். இன்வெர்ட்டருக்குள்ளும் கப்பாசிட்டர் உண்டு, நிறுத்திவிட்டுக் காத்திரு, அளந்து பார். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று மருமகளுக்கும், அங்கே வேலைக்கு வருகிறவனுக்கும், பொட்டு வைக்க வருகிற அத்தனை பேருக்கும் வாய் திறந்து சொல். பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடாதே.

இதை எழுதுவதற்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறிப் பெர்மாஸ் ஜெயாவுக்குப் போய் விஜயா சித்தியைப் பார்த்தேன். சித்தப்பா போன பிறகு அவள் அந்த டுசுனில் ஒரு ராத்திரி கூடத் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மீன் கறி வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க மாமா, சாப்புட்டுப் போங்க" என்றாள். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், ரெசிஸ்டரிலிருந்து நாலாவது ஸ்குரூ வரைக்கும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப அவரு குடிக்கலையா மாமா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா. அது சாமிக்கு வாங்குனது. மூடிய தொறக்கவே இல்ல."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியும்."

அவள் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் இருந்த சித்தப்பா போட்டோவைப் பார்த்தாள். "பன்னெண்டு வருசம் மாமா. தெனம் வெளக்கு ஏத்துறப்ப அவர ஏசிக்கிட்டேதான் ஏத்துனேன். என் தலையில அடிச்ச சத்தியத்த விட அந்தப் பாழாப்போன பாட்டிலு பெருசாப் போச்சான்னு கேட்டுக் கேட்டுத்தான் ஏத்துனேன். அந்த மனுசன் பதில் சொல்ல முடியாமத்தானே நின்னாரு" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போயிருக்கலாம் என்று இருந்தது. போகவில்லை. கடைசியாகப் போனில் என்ன பேசினார் என்று கேட்டாள். சீக்கிரம் வாங்க, சாமி கும்பிடலாம் என்றதைச் சொன்னேன். அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

பிறகு எழுந்து நின்று தெளிவாகச் சொன்னாள்: "அடுத்த மாசம் அவரு தெவசம். இந்த வருசம் டுசுன்லயே வைக்கப் போறேன். அன்னைக்குப் பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு குடிகாரன்னு சொன்ன அத்தன பேரையும் கூப்புடுறேன். நீங்க எந்திரிச்சு நின்னு என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லணும், ஒண்ணையும் விடாம. அதுக்கப்புறம் என் மூஞ்சில முழிக்காதீங்க. தம்பி அங்கயே இருக்கட்டும், அவன் என்ன செஞ்சான்?" சரிம்மா என்றேன். அந்தத் தம்பி நீதான். நிலம் உன்னிடமே இருக்கும், என்னால் உனக்கு அது போகாது. கதவு வரைக்கும் வந்தாள், ஆனால் போய் வாங்க என்று சொல்லவில்லை.

ஆகவே ஐயா, கூட்டத்தில் ஒருத்தனாக நின்று இதை முதல் முறை நீ கேட்கக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். படித்துவிட்டு எனக்குப் போன் பண்ணுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம். அந்த மோட்டாரையும் பெட்டியையும் இரும்புக் கடைக்குப் போடு. தெவசத்தன்று உன் வீட்டு முற்றத்தில், உன் விருந்தாளிகள் முன்னால், நான் எழுந்து நிற்பேன். அம்மாவைத் தூக்கிய அன்று நீ ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய், அந்தப் பழக்கத்தில் இப்போதும் வரத் தோன்றும் உனக்கு. வராதே. நான் பேசி முடிக்கும் வரைக்கும் நீ சித்தி பக்கத்தில் நில்.

அப்பா